துபாயில் மூன்று நாள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விடலாம்?

டிசம்பர் பிறந்துவிட்டால் துபாயின் கராமா பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் மெத்தை விரித்தே கிடக்கும். ஊரிலிருந்து யாராவது வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். வருகிறவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். யூடியூப் பார்த்து எழுதிய பதினைந்து, பதினெட்டு இடங்கள். இருப்பதோ மூன்று நாள். போன டிசம்பரில் சித்தப்பா குடும்பம் நான்கு பேராக வந்தபோது, அந்தப் பட்டியலைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஒவ்வொன்றாக அடித்தோம். அடித்த எதற்கும் அவர்கள் பிறகு வருத்தப்படவில்லை. அடிக்காமல் விட்ட ஒன்றிரண்டுக்குத்தான் வருத்தப்பட்டார்கள்.

அன்று மேஜையில் நடந்த பஞ்சாயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். மனக்கணக்குக்கு ஒரு திர்ஹத்தை 25 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணங்கள் அவ்வப்போது ஏறும், நேரத்துக்கு நேரம் மாறும். கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

முதலில் ஊரின் அமைப்பு. துபாய் வட்டமான ஊர் இல்லை. கடலோரமாக ரிப்பன் மாதிரி நீண்டு கிடக்கிறது. ஒரு முனையில் விமான நிலையம், டெய்ரா, பர்துபாய். மறுமுனையில் மரினா, பனைமர வடிவச் செயற்கைத் தீவான பாம் ஜுமேரா. இடையில் முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர். காலையில் டெய்ராவின் கோல்டு சூக் (தங்கச் சந்தை), மதியம் மரினா, மாலையில் திரும்பவும் டெய்ரா பக்கத்து க்ரீக் என்று போட்டால் பாதி நாள் சாலையிலேயே போய்விடும். ஒரு நாளை ஒரு பக்கத்துக்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. வெளியே நின்று பார்த்தாலே முக்கால்வாசி கிடைத்துவிடுகிறதா? அப்படியானால் டிக்கெட் எடுக்காதீர்கள். இந்த ஊரில் பல கட்டடங்கள் வெளியிலிருந்து பார்ப்பதற்கென்றே கட்டப்பட்டவை. இந்த ஒரு கேள்வியிலேயே சித்தப்பாவின் பட்டியலில் ஏழு இடங்கள் காலியாகிவிட்டன.

புர்ஜ் கலீஃபாவா, துபாய் ஃபிரேமா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். புர்ஜ் கலீஃபா 828 மீட்டர். 2010 ஜனவரி 4 அன்று திறந்தார்கள். பார்வையாளர்களை 124, 125-வது மாடிகளுக்கு விடுகிறார்கள். கூடுதல் காசு கொடுத்தால் 148 வரை போகலாம். லிஃப்ட் ஏறி ஒரு நிமிடத்தில் 124-இல் இறக்கிவிடும். காது மட்டும் அடைக்கும். சாதாரண நேரத்துக்கே ஆளுக்கு 170 திர்ஹத்துக்கு மேல். சூரியன் மறையும் நேரத்துக்கு அதைவிடக் கூடுதல். 148 என்றால் இரண்டு மடங்குக்கும் மேல்.

துபாய் ஃபிரேம் ஜபீல் பூங்காவில் நிற்கும் பெரிய போட்டோச் சட்டம். 150 மீட்டர் உயரம், 93 மீட்டர் அகலம், 2018 ஜனவரியில் திறந்தது. கட்டணம் 50 திர்ஹம் அளவில். நான்கு பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே பதினேழாயிரம் ரூபாய்க்கு மேல், இங்கே ஐயாயிரம்.

காசை விடுங்கள், கண்ணுக்கு எது நன்றாக இருக்கும்? 124-வது மாடியிலிருந்து பார்த்தால் ஊர் ஒரு மாதிரிப் பொம்மையாகிவிடுகிறது. எந்தச் சாலை எங்கே போகிறது, எந்தக் கட்டடம் எது என்று சொல்ல யாராவது பக்கத்தில் இருந்தால்தான் சுவாரசியம். பகலில் பல நாள் தூசி மூட்டமாகவே இருக்கும். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஃபிரேமில் விஷயம் வேறு. ஒரு பக்கக் கண்ணாடியில் பழைய ஊர்: கராமா, டெய்ரா, தாழ்வான மாடிகள், மொட்டைமாடியில் டிஷ் ஆன்டெனாக்கள். மறுபக்கம் திரும்பினால் ஷேக் சாயித் ரோடும், அதன் நடுவே ஊசி மாதிரி புர்ஜ் கலீஃபாவும். பத்தடி நடந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் ஐம்பது வருடக் கதை புரிந்துவிடும். நடுவே கண்ணாடித் தரை உண்டு. சித்தி கடைசி வரை அதில் கால் வைக்கவில்லை. சுவரோரமாக ஒட்டிக்கொண்டே அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்தார்.

என் ஓட்டு ஃபிரேமுக்கு. பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் புர்ஜ் கலீஃபா போங்கள், அது நியாயமான காரணம்தான். அப்படிப் போவதானால் காலையிலேயே, மலிவு நேரத்தில், ஆன்லைனில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டும் வேண்டாம். பாம் ஜுமேராவில் இருக்கும் 52-வது மாடிப் பார்வைத் தளத்தையும் சேர்த்து மூன்று உயரம் ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவதில் எல்லோரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புர்ஜ் கலீஃபாவைப் பற்றி எனக்குப் பிடித்த செய்தி டிக்கெட் இல்லாமலே கிடைப்பது. உயரம் கூடக் கூடச் சூரியன் மறைவது தள்ளிப்போகும் அல்லவா? அதனால் ரமலானில் 80-வது மாடிக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150-க்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடமும் தாமதித்து நோன்பு திறக்க வேண்டும் என்று 2011-இல் இங்குள்ள மார்க்க அறிஞர்கள் சொன்னார்கள். ஒரே கட்டடத்துக்குள் மூன்று மக்ரிப், அதாவது மூன்று அந்தி நேரம்!

கோபுரத்தின் காலடியில் நடக்கும் ஃபவுன்டன் இலவசம். மாலையானால் அரைமணிக்கு ஒருமுறை பாட்டுக்குத் தண்ணீர் ஆடும், 150 மீட்டர் வரை எகிறும். முதல் ஆட்டத்தைக் கூட்டத்தில் நின்று பாருங்கள், அடுத்ததை எதிர்க்கரைப் பாலத்துப் பக்கம் தள்ளி நின்று பாருங்கள். துபாய் மாலின் அக்வேரியமும் அப்படித்தான். அந்தப் பெரிய கண்ணாடிச் சுவர் மாலின் நடைபாதையிலேயே இருக்கிறது. சுறாவும் திருக்கையும் நீங்கள் டிக்கெட் எடுத்தீர்களா என்று பார்த்துக்கொண்டு நீந்துவதில்லை. ஒரு எச்சரிக்கை: மெட்ரோ ஸ்டேஷன் பெயரில் ‘துபாய் மால்’ இருக்கிறதே என்று இறங்கினால், மாலுக்குள் போய்ச் சேர எண்ணூறு மீட்டருக்கு மேல் மேம்பாலத்தில் போக வேண்டும். நகரும் நடைபாதை உண்டு, ஏசி உண்டு. ஆனாலும் முட்டிவலிக்காரர்களை டாக்சியில் கூட்டிப்போவது புண்ணியம்.

ஒரு திர்ஹம் படகா, மரினாவில் விருந்துக் கப்பலா?

இந்த ஊரில் ஒரே ஒரு விஷயம்தான் செய்யலாம் என்று யாராவது என்னைக் கட்டிப்போட்டுக் கேட்டால், க்ரீக்கில் அப்ரா ஏறுவது என்பேன். க்ரீக் என்பது கடல் உள்ளே புகுந்து கிடக்கும் உப்பங்கழி. ஒரு கரை டெய்ரா, மறுகரை பர்துபாய். ஊர் பிறந்தது இங்கேதான். எண்ணெய் 1966-இல்தான் கிடைத்தது. அதற்கு முன்பே, பெரிய படகுகள் உள்ளே வரட்டும் என்று கடன் வாங்கி இந்தக் கழியை ஆழப்படுத்தியவர் அன்றைய ஆட்சியாளர் ஷேக் ராஷித். துபாய் என்றால் எண்ணெய்க் காசு என்று நினைக்கிறவர்களை நான் முதலில் இங்கேதான் கூட்டிவருவேன்.

அப்ரா என்பது மரப்படகு. நடுவே மேடை மாதிரி ஒரு பெஞ்சு, இரண்டு பக்கமும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். கால் தண்ணீரைப் பார்த்திருக்கும், கைப்பிடி கிடையாது. இருபது பேர் சேர்ந்ததும் படகோட்டி காலாலேயே சுக்கானைத் தள்ளிக்கொண்டு கிளம்புவார். நடுக் கழியில் ஒரு கை நீளும். ஒரு திர்ஹம் நாணயம், அவ்வளவுதான். நாணயத்தை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நூறு திர்ஹம் நோட்டை நீட்டினால் அவர் உங்களைப் பார்க்கும் பார்வை மறக்காது. குளிர்காலத்தில் கடற்காகங்கள் தலைக்கு ஒட்டியே பறக்கும். டீசல் நாற்றம், உப்புக் காற்று, பக்கத்தில் வேலை முடிந்து திரும்பும் ஆட்கள். அவர்களில் ஒருவராவது தமிழில் போன் பேசிக்கொண்டிருப்பார். ஐந்து, ஆறு நிமிடத்தில் அக்கரை வந்துவிடும். சித்தப்பா இறங்கவில்லை. “இன்னொரு திர்ஹம் தர்றேன், திரும்பப் போவோம்” என்றார். மூன்று தடவை போய் வந்தோம்.

மரினா விருந்துக் கப்பலில் ஆளுக்கு நூறு, நூற்றைம்பது, இருநூறு என்று எதுவும் கேட்பார்கள். மரினா ஆள் வெட்டிய கால்வாய், மூன்று கிலோமீட்டர். இரு கரையிலும் விளக்கு எரியும் கோபுரங்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சாப்பாடு சுமார், கப்பல் மெதுவாகப் போய் மெதுவாகத் திரும்பும், பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. அதே விளக்குகளைக் கால்வாய்க் கரை நடைபாதையில் நடந்தபடியே பார்க்கலாம். கல்யாணமான புதிதில் வந்த ஜோடி, ஒரு நாள் ஆடம்பரமாக இருக்கட்டும் என்றால் போகட்டும். நான்கு பேர் குடும்பத்துக்கு வேண்டாம்.

க்ரீக் பக்கம் ஒரு முழு நாள் ஒதுக்கலாம் என்பது என் கட்சி. காலையில் பர்துபாய்க் கரையில் அல் ஃபஹீதி. பழைய வீடுகள், குறுகிய சந்துகள், தலைக்கு மேலே சதுரமான காற்றுக் கோபுரங்கள். ஈரானின் பஸ்தக் பகுதியிலிருந்து வந்த வணிகர்கள் நூறு வருடத்துக்கும் முன்னால் கட்டியவை, கடல் பவளக் கல்லையும் சுண்ணத்தையும் வைத்து. நான்கு திசையில் எந்தப் பக்கம் காற்றடித்தாலும் கோபுரம் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கும். ஒரு கோபுரத்துக்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சந்தலையில் ஊதுகிற மாதிரி ஒரு இழை காற்று இறங்கும். இத்தனை ஏசி ஓடும் ஊரில் அது ஒரு தனி அனுபவம். சுற்றிப் பார்க்கக் காசு இல்லை.

அங்கிருந்து துணிக்கடைச் சந்து வழியாக அப்ராத் துறை. அக்கரையில் ஸ்பைஸ் சூக் என்ற மசாலாச் சந்தை, அதைத் தாண்டி கோல்டு சூக். மிளகு, ஏலம், கிராம்பு எல்லாம் நம் ஊர்ச் சரக்குதான், அதை இங்கே விலை பேசி வாங்குவதில் அர்த்தமில்லை. ஈரான் குங்குமப்பூ, உலர்ந்த எலுமிச்சை, சாம்பிராணி, பேரீச்சை பாருங்கள். சொன்ன விலையில் பாதியில் தொடங்குவது இங்கே மரியாதைக் குறைவு இல்லை. ‘மெட்ராஸா, கேரளாவா?’ என்று கேட்டே வலை போடுவார்கள். நம் வாயிலிருந்து தமிழ் வந்தால் “வாங்கண்ணே” என்பார் ஒரு ஈரானியர்.

இந்தக் கரைக்கும் நமக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1966 வரை இங்கே புழங்கியது ரூபாய்தான். 1959-இலிருந்து வளைகுடாவுக்கென்றே நம் ரிசர்வ் வங்கி தனியாக ரூபாய் நோட்டு அச்சடித்துக் கொடுத்தது. திர்ஹம் வந்தது 1973-இல்.

தங்கம் வாங்கலாமா என்று கேட்பீர்கள். பார்ப்பதற்குக் காசில்லை, கண்ணாடிக்குப் பின்னால் 60 கிலோவைத் தாண்டும் மோதிரம் ஒன்றுகூட வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆண்களுக்கு 20 கிராம், பெண்களுக்கு 40 கிராம் வரியில்லாமல் கொண்டுபோகலாம் என்று ஊரில் சொல்லும் கணக்கு, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்கானது. மூன்று நாள் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. இது தெரியாமல் வளையல் வாங்கிப்போய்ச் சென்னையில் கஸ்டம்ஸ் வரிசையில் நின்ற கதை எங்கள் சொந்தத்திலேயே உண்டு. வாங்கினால் பாஸ்போர்ட் காட்டி வாட் திரும்பப் பெறும் பில்லாகப் போடச் சொல்லுங்கள். 5 சதவீதத்தில் பெரும்பகுதி விமான நிலையத்தில் திரும்பக் கிடைக்கும்.

பாலைவனம்: எந்த சஃபாரி?

காசு கொடுத்தே தீர வேண்டிய ஒன்று இதுதான். பாலைவனத்தை வெளியே நின்று பார்த்துவிட முடியாது. ஆனால் சஃபாரி என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சரக்கு விற்கிறார்கள்.

முதலாவது, ஊரெல்லாம் விளம்பரம் தெரிகிற மாலை சஃபாரி. நூறு சொச்சம் திர்ஹத்தில் தொடங்கும். மூன்று மணிக்கு வீட்டு வாசலில் லேண்ட் குரூசர் வரும். ஹத்தா சாலையில் லஹ்பாப் பக்கம் சிவப்பு மணல். மணல் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி டிரைவர் இறங்குவார். குனிந்து நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிடுவார். புஸ்ஸென்று பாதிக்கும் மேல் போய்விடும். டயர் தட்டையாகி அகன்றால்தான் மணலில் புதையாமல் மிதக்கும். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு அந்தச் சத்தத்திலேயே வயிற்றைக் கலக்கும். அப்புறம் இருபது நிமிடம், அரைமணி நேரம் மேட்டில் ஏறிச் சரிவில் சரிந்து, பக்கவாட்டில் சாய்ந்து, கண்ணாடி முழுக்க மணல் மட்டுமே தெரிகிற ஓட்டம். மதியச் சாப்பாடு கொஞ்சமாக இருக்கட்டும். சித்தப்பா பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏறினார். மேற்கொண்டு சொல்ல வேண்டாம். கர்ப்பிணிகள், முதுகுவலி உள்ளவர்கள், கைக்குழந்தைகள் இதில் ஏறவே கூடாது. நேரே கேம்புக்குப் போகும் வண்டியைக் கேட்டு வாங்குங்கள்.

ஓட்டம் முடிந்ததும் கேம்ப். ஐந்து நிமிட ஒட்டகம், மருதாணி, பாவாடை விரியச் சுழன்றாடும் தனூரா ஆட்டம், பெல்லி டான்ஸ் (ரமலானில் இருக்காது), பார்பிக்யூ. நாங்கள் போன கேம்பில் வண்டிகள் திருவிழாக் கூட்டம்போல் நின்றன. சைவச் சாப்பாடு உண்டு என்று போனில் சொன்னார்கள். எங்கள் முறை வந்தபோது ஹமூஸும் வெள்ளரிக்காயும்தான் மிச்சம் இருந்தன. சித்தி வெறும் ரொட்டியும் ஹமூஸும் சாப்பிட்டுவிட்டு, “இது நம்ம கொண்டைக்கடலைதானே” என்று சமாதானம் ஆனார். சைவக்காரர்கள் முதல் ஆளாக வரிசையில் போய் நில்லுங்கள்.

இரண்டாவது வகை, துபாய் பாலைவனப் பாதுகாப்புப் பகுதிக்குள் போவது. 225 சதுர கிலோமீட்டர், துபாயின் நிலப்பரப்பில் இருபதில் ஒரு பங்கு. அனுமதி பெற்ற சில நிறுவனங்கள் மட்டும்தான் கூட்டிப்போகலாம், விலை பல மடங்கு. இங்கே குலுக்கல் ஓட்டம் இல்லை. மெதுவாகப் போவார்கள், நிறுத்துவார்கள், இறங்கி நடக்கச் சொல்வார்கள். மணலில் வண்டு நடந்த கோடு, பல்லி வால் இழுத்த கோடு என்று காட்டுவார்கள். அரேபிய ஓரிக்ஸ் நிற்கும்: வெள்ளை உடம்பு, நேராக வாள் மாதிரி இரண்டு கொம்பு. 1970-களின் தொடக்கத்தில் காட்டில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போன விலங்கு. கூண்டில் வளர்த்துத் திரும்ப விட்டிருக்கிறார்கள்.

மூன்றாவதுக்கு டிக்கெட்டே கிடையாது. கார் வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அல் குத்ரா ஏரிகளுக்குப் போங்கள். பாலைவனத்துக்கு நடுவே வெட்டிய ஏரிகள், நிறையப் பறவைகள், மணலில் பாய் விரித்து உட்கார இடம். எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போனால் விருந்துதான். மெட்ரோ, பஸ் எதுவும் அந்தப் பக்கம் வசதியாக இல்லை. சாதாரணக் காரை மணலில் இறக்கிவிடாதீர்கள், அப்புறம் தள்ள ஆள் தேட வேண்டிவரும்.

எது? பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் முதலாவது, அவர்களுக்கு அந்தக் குலுக்கல்தான் துபாய். பெரியவர்கள் மட்டும் என்றால், வேறு இரண்டு டிக்கெட்டை ரத்து செய்தாவது பாதுகாப்புப் பகுதிக்குப் போகச் சொல்வேன். சூரியன் மறைந்து கால்மணி நேரத்தில் மணல் சில்லிட்டுவிடும். காலணியைக் கழற்றிவிட்டு நின்று பாருங்கள். டிசம்பர், ஜனவரி என்றால் ஸ்வெட்டர் அவசியம்; பாலைவனத்தில் குளிரா என்று சிரித்தவர்களுக்கு என் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்திருக்கிறேன்.

மியூசியம்

மியூசியம் ஆஃப் தி ஃபியூச்சர் 2022 பிப்ரவரி 22 அன்று திறந்தது. 150 திர்ஹத்தை ஒட்டிக் கட்டணம். ஓட்டை போட்ட முட்டை மாதிரி, உடம்பெல்லாம் அரபு எழுத்து. அந்த எழுத்துகள்தான் ஜன்னல்கள். இது என் கேள்விக்குச் சரியான உதாரணம்: அழகெல்லாம் வெளியே. உள்ளே விண்வெளி, காடு என்று திரைகளில் காட்டுகிறார்கள். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கு ஒருமுறையே அதிகம். மெட்ரோவில் போகும்போதே பளிச்சென்று தெரியும், இரவில் எழுத்துகள் ஒளிரும்போது இன்னும் நன்றாக இருக்கும். அதே நேரத்தைக் க்ரீக் முகத்தில் இருக்கும் அல் ஷிந்தகா மியூசியத்துக்குக் கொடுக்கலாம். 50 திர்ஹம். முத்துக்குளித்த காலம், படகு கட்டிய விதம், அத்தர் தயாரித்த வீடு. தூத்துக்குடிக்காரர்களுக்கு முத்துக்குளிப்புப் பகுதி சொந்தக் கதை மாதிரி இருக்கும்.

மூன்றாவது நாள்: அபுதாபியா, குளோபல் வில்லேஜா?

உண்மையில் இரண்டும் வேறு வேறு நேரத்துக்கானவை. குளோபல் வில்லேஜ் மாலையில் தொடங்கும் பொருட்காட்சி. அக்டோபரிலிருந்து மே வரைதான். கட்டணம் குறைவு, 30 திர்ஹத்துக்குள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கொட்டகை, கடைகள், ராட்டினம். சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியைப் பத்து மடங்காக்கி விளக்குப் போட்ட மாதிரி. ஏமன் தேன், துருக்கி இனிப்பு, ஆப்கன் உலர்பழம் என்று நாக்குக்கு வேலை உண்டு. சனி, ஞாயிறு போகவே போகாதீர்கள்.

மிராக்கிள் கார்டனும் குளிர்காலத்துக்கு மட்டும்தான். பூக்களால் விமானம், பூக்களால் வீடு. போட்டோவுக்கு நன்று. ஊட்டி மலர்க் கண்காட்சி பார்த்தவர்கள் அரைமணியில் வெளியே வந்துவிடுவார்கள்.

அபுதாபி வேறு ஜாதி. 140 கிலோமீட்டர். துபாயில் அல் குபைபா, இப்னு பதூதா நிலையங்களிலிருந்து பஸ், 25 திர்ஹம், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசலுக்காகவே போகலாம். 2007-இல் திறந்தது, 82 குவிமாடங்கள், எல்லாம் வெள்ளைப் பளிங்கு. அனுமதி இலவசம், ஆன்லைனில் முன்பதிவு மட்டும் செய்ய வேண்டும். உள்ளே விரித்திருக்கும் ஒரே கம்பளம் 5,600 சதுர மீட்டருக்கு மேல், ஈரானில் பெண்கள் கையால் முடிச்சுப் போட்டு நெய்தது. பெண்கள் முழுக்கை, கணுக்கால் வரை உடை, தலையை மூட ஷால். நம் புடவையும் துப்பட்டாவும் போதும் என்று நினைக்காதீர்கள். இடுப்பு தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மதியம் மூன்று, நான்கு மணிக்குப் போய், விளக்குப் போடும் வரை இருந்து பார்த்துவிட்டு வருவது நல்லது.

காலையில் நேரம் இருந்தால் இரண்டில் ஒன்று. 2024 பிப்ரவரி 14 அன்று திறந்த சுவாமிநாராயண் கோயில் துபாயிலிருந்து வரும் வழியில் அபு முரைகாவில் இருக்கிறது. ராஜஸ்தான் இளஞ்சிவப்புக் கல், ஏழு அமீரகங்களுக்கு ஏழு கோபுரம். கோபுரமும் பிராகாரமுமாகக் கோயில் பார்த்துப் பழகியவர்களுக்கு அமைப்பு புதிதாக இருக்கும். மற்றொன்று லூவ்ர் அபுதாபி என்ற கலை மியூசியம், 2017-இல் திறந்தது, கட்டணம் 60 சொச்சம், திங்கள் விடுமுறை. 180 மீட்டர் விட்டமுள்ள கூரையை எட்டு அடுக்கு நட்சத்திர வலையாகப் போட்டிருக்கிறார்கள். வெயில் அதன் வழியே பொட்டுப் பொட்டாகத் தரையில் விழும். தென்னந்தோப்புக்குள் நின்ற ஞாபகம் வரும். அம்மா அப்பாவோடு வந்தால் கோயில், கலையில் ஆர்வமுள்ள பிள்ளைகளோடு வந்தால் லூவ்ர். இரண்டையும் பள்ளிவாசலோடு சேர்த்து ஒரே நாளில் அடைத்தால் டாக்சிக் காசும் கால்வலியும்தான் மிஞ்சும்.

கோடையில் வந்தே ஆக வேண்டும் என்றால்

ஜூன் முதல் செப்டம்பர் வரை டிக்கெட்டும் ஹோட்டலும் மலிவு. காரணமில்லாமல் இல்லை. 40 டிகிரிக்கு மேல் வெயிலும், கண்ணாடி போட்டிருந்தால் வெளியே வந்ததும் பனி படர்ந்துவிடும் அளவுக்குப் புழுக்கமும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லிருந்து 3 மணி வரை திறந்தவெளியில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இந்தக் கோபுரங்களைக் கட்டியவர்களில் நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். அந்த இடைவேளையில் பாலத்தடி நிழலில் அட்டை விரித்துப் படுத்திருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே டாக்சியில் போவது, எத்தனை வருடமானாலும் எனக்குப் பழகவில்லை.

கோடையில் கணக்கு தலைகீழ். மேலே நான் அடித்த மால், அக்வேரியம், மியூசியம் எல்லாம் திரும்ப உள்ளே வரும். மாலுக்குள் பனிச்சறுக்கு விளையாடும் ஸ்கீ துபாய்க்கு அப்போதுதான் அர்த்தம்: வெளியே 44, உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே. ஜாக்கெட் அவர்களே தருவார்கள். சஃபாரியை அதிகாலைக்கு மாற்றுங்கள். அப்ரா மட்டும் எந்தக் காலத்திலும் உண்டு, இருட்டிய பிறகு ஏறுங்கள்.

போக்குவரத்து, ஒரு வாய் டீ

மெட்ரோவுக்கு நோல் கார்டு என்ற பயண அட்டை. தூரத்தைப் பொறுத்து 3 முதல் 7.50 திர்ஹம், ஒரு நாள் பாஸ் 20. டிரைவர் இல்லாத ரயில். ரெட் லைனில் முன் பெட்டியில் நின்றுகொண்டு ஷேக் சாயித் ரோட்டின் மேலே போவது என்னைக் கேட்டால் காசுக்கு மேல் கிடைக்கும் சவாரி. பெண்கள் பெட்டிக்கும், கூடுதல் கட்டண கோல்டு கிளாசுக்கும் தரையில் கோடு போட்டிருப்பார்கள், தவறி நின்றால் 100 திர்ஹம் அபராதம். உள்ளே மிட்டாய், தண்ணீர் எதுவும் வாயில் போடக் கூடாது, அதற்கும் 100. நான்கு பேர் என்றால் குறைந்த தூரத்துக்கு டாக்சியே சரி. விமான நிலையத்தில் மட்டும் டாக்சி மீட்டர் 25 திர்ஹத்தில் தொடங்கும். முதல், மூன்றாம் டெர்மினல்களில் இறங்கினால் மெட்ரோ வாசலிலேயே இருக்கிறது, இரண்டில் இல்லை.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். கராமாவில் சரவண பவன் முதல் மெஸ் வரை எல்லாம் உண்டு. ஆனால் மூன்று நாளும் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். தெருமுனைக் கஃபட்டீரியாவில் ஒரு கரக் சாயா, ஒன்றிரண்டு திர்ஹம். மலையாளிச் சேட்டன்தான் ஆற்றித் தருவார். ஏலக்காயும் பாலும் கெட்டியாக, கப் சிறிதாக இருக்கும். இரண்டாவது கேட்பீர்கள்.

கடைசியாக, பெட்டி கட்டும்போது. கசகசா இங்கே தடை செய்யப்பட்ட பொருள். விதை மட்டுமல்ல, பொடியில் கலந்திருந்தாலும் வம்புதான். வெற்றிலை பாக்குப் பழக்கமுள்ள பெரியவர்கள் அதையும் ஊரிலேயே விட்டுவிட்டு வரட்டும். சித்தி கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி போன் போட்டு மசாலாப் பொடியில் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். இரண்டு நிமிடம் சத்தமில்லை. பிறகு பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அந்தக் குருமாவை இங்கே முந்திரி அரைத்துவிட்டுத்தான் வைத்தோம்.